கேட்பவர் கடன்

ஆண்டுதோறும் அக்டோபர் 10 உலக மனநல நாள். அதையொட்டிய வாரத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆலைகளில் இருந்து பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரிகள் வரை ஒரே அறிவுரைதான் காதில் விழும்: மனம்விட்டுப் பேசுங்கள், மறைக்காதீர்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனித்தால் நெருடுகிறது. தூக்கம் கெட்டு, வேலையில் கை ஓடாமல், காரணம் புரியாத பயத்தோடு நாளைத் தள்ளுகிறவரிடம்தான் தைரியமாக இருக்கச் சொல்கிறோம். அவர் பேசிய பிறகு தாங்கள் என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம் என்று மேடையில் இருப்பவர்கள் ஒரு வரி உறுதியும் தருவதில்லை. பேசுவதால் வரும் இழப்பு முழுவதையும் பேசுகிறவர் தலையில் கட்டிவிட்டு, பேசாததை அவருடைய குறையாக எண்ணுவது நியாயமா? நியாயமில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கடமை முதலில் கேட்கிறவருடையது. அதிலும் வேலை தரவும் பறிக்கவும் அதிகாரம் உள்ளவருடையது.

அந்த இழப்பு எப்படிப்பட்டது என்பது சென்னையின் இந்த மேற்குப் புறநகரில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அறுபதுகளில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே லைனில் நிற்பார்கள். முதலாமவரை அனுப்ப நோட்டீஸ் வேண்டும், விசாரணை வேண்டும். இரண்டாமவருக்கு ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று போனில் சொன்னால் முடிந்தது. காரணம் எந்தத் தாளிலும் ஏறாது. பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகப் போன வாரம் அவர் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தால், அதனால்தான் வேலை போயிற்று என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. வீட்டிலோ இழப்பு பேசியவரோடு நிற்பதில்லை. அண்ணன் மனநல மருத்துவரிடம் போகிறான் என்பது தெரிந்தால் தங்கையின் ஜாதகம் திரும்பி வரும். 2021 டிசம்பரில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போய்வந்த பெண்கள், சாப்பாடு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனபின், சக தொழிலாளிகளின் நிலை தெரியாமல் 17-ம் தேதி இரவு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கெட்டுப்போன சோற்றைப் பற்றிச் சொல்லவே ஊர்கூடிச் சாலையை மறிக்க வேண்டியிருந்த சூழலில், இரவில் அழுகை வருகிறது என்று ஒருத்தி தனியாகப் போய் வார்டனிடம் சொல்வாள் என எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு!

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. கோளாற்றின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இந்த எண்ணைக் காட்டி ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று முடித்துவிடுவது வழக்கம். ஆனால் சென்னையின் மேற்கே இருப்பவர்களுக்கு உதவி எட்டாத தூரத்தில் இல்லை. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. 1993-ல் தொடங்கிய பேனியன் மனநல அமைப்பு முகப்பேரில் இருக்கிறது. மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம். அறியாமை, காசு, லீவு கிடைக்காதது எல்லாம் காரணங்கள்தாம். கூடவே கணக்கும் ஒரு காரணம். சொன்னால் என்ன போகும் என்று எடைபோட்டுப் பார்த்துத்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் பெரும்பாலும் பிழையில்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டிருக்கிறது. சிகிச்சையில் பாரபட்சம் கூடாது என்கிறது 21-ம் பிரிவு; ரகசியம் காக்கப்படுவதை உரிமையாக்குகிறது 23-ம் பிரிவு; நோயாளியைப் பற்றிய தகவலை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது 24-ம் பிரிவு. சட்டம் யாரையும் பேசச் சொல்லவில்லை, மற்றவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது.

எல்லோரும் இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் களங்கம் எப்போது ஒழியும், யாராவது முதலில் பேசத்தானே வேண்டும் என்ற மறுப்பு வலுவானது. ஆதாரமும் அதற்கு உண்டு. ஆய்வாளர் பேட்ரிக் காரிகனும் சகாக்களும் 2012-ல் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களிடம் மனநோய் பற்றிய வெறுப்பைக் குறைப்பதில் பாடம் நடத்துவதைவிட, நோயிலிருந்து மீண்டவரை நேரில் சந்திப்பதே அதிகம் உதவியது. ஆகவே பேசுகிறவர்கள் ஊருக்கு நன்மை செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊருக்கு நன்மை என்பதாலேயே அது ஒவ்வொருவருக்கும் கடமை ஆகிவிடாது. 2015-ல் நடிகை தீபிகா படுகோன் தன் மனச்சோர்வைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசியது துணிச்சல்தான். அவருக்குப் படம் குறையவில்லை. குறைந்திருந்தாலும் வாடகை நின்றிருக்காது. வாரக்கூலிக்காரரிடம் அதே துணிச்சலைக் கேட்பது, இருப்பவர் கொடுத்த நன்கொடையைக் காட்டி இல்லாதவரிடம் வரி வசூலிப்பதற்குச் சமம். முதலில் பேச வேண்டியவர்கள் உண்டு என்றால், அவர்கள் வேலை போகாது என்ற உறுதியோடு மேலே இருக்கிறவர்கள்: மேலாளர்கள், பேராசிரியர்கள், உயர் அதிகாரிகள். விசித்திரம் என்னவென்றால், மேடையில் அறிவுரை சொல்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. தங்களைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை.

பொதுப் பாதுகாப்பு என்ற மறுப்பு இதைவிடக் கடினமானது. இதே மேற்குப் புறநகரில் உள்ள ஆவடியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள் இருக்கின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் குழு மையமும் இருக்கிறது. கையில் துப்பாக்கி வைத்திருப்பவரும் கனரக வாகனம் ஓட்டுபவரும் மனநிலையை மறைத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து இல்லையா? உண்டு. ஆனால் கட்டாயப்படுத்தினால் உண்மை வெளிவரும் என்பது தவறான நம்பிக்கை. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதவிட்டதில் 150 பேர் இறந்தார்கள். தன் நோயைத் தெரிவிக்க வேண்டிய விதி அவருக்கு இருந்தது, மறைத்தார். விசாரணை நடத்திய பிரெஞ்சு அமைப்பு மருத்துவச் சோதனையைப் பற்றி மட்டும் பேசி நிற்கவில்லை. உரிமம் போனால் விமானியின் பிழைப்பு என்னாகும் என்ற அச்சத்தைக் குறைக்க வேண்டும், சக விமானிகளிடம் உதவி தேடும் ஏற்பாடு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆபத்து மிகுந்த தொழிலிலும் உண்மை வெளிவர, அதன் விலையைத்தான் குறைத்தாக வேண்டும்.

நம் சீருடைத் துறைகள் இன்னும் அந்த இடத்துக்கு வந்துசேரவில்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவர், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகி, உச்ச நீதிமன்றம்வரை போராடினார். தவறென்று சொல்லப்பட்ட நடத்தைக்கு மனநலக் குறைபாடும் ஒரு காரணம் என்றால் அந்த நடவடிக்கை பாரபட்சம் என்று 2021 டிசம்பர் 17 அன்று நீதிமன்றம் சொன்னது. பூந்தமல்லிப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த அதே நாள். அவர் பெயர் தீர்ப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. இங்கே அது தேவையில்லை. 2023 ஜூலையில் கோவைச் சரக டி.ஐ.ஜி. தற்கொலை செய்துகொண்டபோது, அன்றே மூத்த அதிகாரி செய்தியாளர்கள் முன்னால், அவருக்கு மன அழுத்தம் இருந்தது, சிகிச்சை பெற்றுவந்தார், பணிச்சுமையோ குடும்பமோ காரணமில்லை என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதுவரை அவருக்கும் மருத்துவருக்கும் நெருங்கியவர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்த செய்தி, சில மணி நேரத்தில் துறைக்கான பதிலாக மாறியது. ஆவடி பட்டாலியனில் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த காவலர், மருத்துவச் சீட்டை இன்னும் ஆழமாக ஒளித்துவைக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. காவலர்களுக்கு நிம்ஹான்ஸ் உதவியோடு பயிற்சிகள் நடந்திருக்கின்றன, நல்லதுதான். 2021-ல் வந்த வார ஓய்வு உத்தரவு ஒழுங்காக நடைமுறைக்கு வந்தால் அதைவிட அதிகம் செய்யும் என்று தோன்றுகிறது.

கல்யாணத்தில் மட்டும் இந்த வாதம் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. வாழ்க்கையைப் பங்குபோட வரும் ஒருவரிடம் தீவிரமான நோயை மறைத்துத் தாலி கட்டுவதும் கட்டிக்கொள்வதும் ஏமாற்றுதான். நோயின் தன்மையையும் அளவையும் பொறுத்து, இந்துத் திருமணச் சட்டமும் அதைக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அந்தக் கடன் மணக்கப்போகும் ஒருவரிடம் மட்டுமே. தரகரிடமோ, சித்தப்பாவிடமோ, பத்திரிகை வாங்க வந்த பக்கத்து வீட்டாரிடமோ அல்ல. அந்த ஒருவரும் கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கடன்பட்டவர். பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் விலகலாம், ஊர் முழுக்கச் சொல்ல உரிமையில்லை. இரண்டாவது பாதியை யாரும் கடைப்பிடிக்காததால்தான் முதல் பாதியும் நடப்பதில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும்: மனதைக் கொட்டுவது மேல்நாட்டுப் பழக்கம், நமக்குப் பொறுமைதான் மருந்து என்று. திருவேற்காடு கருமாரியம்மன் சந்நிதியில் ஒரு வெள்ளிக்கிழமை நின்றாலே இது உண்மையில்லை என்று தெரிந்துவிடும். அங்கே வாய்விட்டு அழுகிறவர்கள், வீட்டுக்காரர் குடியையும் பிள்ளையின் மௌனத்தையும் அம்மனிடம் முறையிடுகிறவர்கள் யாரும் மேல்நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மன் அதை யாரிடமும் போய்ச் சொல்லமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் தன்னார்வலர்களும் இதே அடிப்படையில்தான் கேட்கிறார்கள்: சொன்னது வெளியே போகாது. அதே நேரம், பேச வைத்தாலே குணமாகிவிடும் என்ற எதிர்த்திசை நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே ஒருமுறை உட்காரவைத்துப் பேசவைப்பதை ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2002-ல், அது பின்விளைவைத் தடுப்பதாகத் தெரியவில்லை, கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று முடிவு சொன்னது.

பேச்சு இல்லாமலும் உயிர் காக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளைகளின் தற்கொலைகளைத் தடுக்க, சிநேகா போன்றவர்கள் வற்புறுத்தியது உடனடி மறுதேர்வை. ஓர் ஆண்டு வீணாகாமல் அதே பருவத்தில் மறுபடி எழுதலாம் என்ற ஏற்பாடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. மனதைத் திறக்கும்படி மாணவரிடம் கேட்பதற்கு முன், தோல்வியின் விலையை அரசு குறைத்தது.

‘பத்துப் பேரை வைத்து லேத் பட்டறை ஓட்டுகிறேன், ஒருவர் இரண்டு மாதம் வராவிட்டால் நான் எங்கே போவேன்?’ என்று அம்பத்தூரில் ஒரு சிறு முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் பதில் ஏற்கெனவே அவர் கட்டும் பணத்தில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில், கூலியில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குச் செலுத்துகிறார்கள். தகுதி இருந்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீதக் கூலியை இ.எஸ்.ஐ. தருகிறது, நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவிப் பட்டியலில் தீவிர மனநோய்களும் உண்டு. முதலாளியிடம் கேட்பது பணமல்ல. திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்ற ஒரு வரி, சான்றிதழில் எழுதியிருப்பதை ஷெட்டில் யாரும் பேசக் கூடாது என்ற இன்னொரு வரி. இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து, வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். அக்டோபர் அறிவுரையை அதற்குப் பிறகு சொல்லலாம்.