திருநீலநக்கர் திருமனையும் நம் வகுப்பறையும்

சிவமயம்



பெரியபுராணத்தை ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு ஓதுவிக்கும் நாம், அதன்கண்ணுள்ள சிறு நிகழ்ச்சிகள் சிலவற்றை விரைந்து கடந்து போதல் வழக்கம். பரீட்சையில் அவை வினவப்படாமையே அதற்குக் காரணம் போலும். அவற்றுளொன்றை இன்று சிறிது நின்று நோக்குவாம்.

சாத்தமங்கை என்னுந் திருப்பதியிலே திருநீலநக்க நாயனார் என்னும் அந்தணர் இருந்தார். வேதாகம விதி வழுவாது சிவபூசை செய்தலே அவருக்கு உயிர். ஒருநாள் அயவந்தித் திருக்கோயிலிலே அவர் பூசித்து நிற்க, சிவலிங்கத் திருமேனியின்மேல் ஒரு சிலந்தி வீழ்ந்தது. அருகு நின்ற மனைவியார், தம் குழந்தைமேல் வீழ்ந்ததைக் கண்ட தாய்போலப் பதைத்து, வாயால் ஊதித் துமிந்து அதனைப் போக்கினார். திருமேனியில் எச்சிற்பட்டதென்று வெகுண்ட நாயனார், அவரைத் துறந்தேனென்று சொல்லித் தனியே வீடு சென்றார். அன்றிரவு இறைவர் கனவிலே தோன்றி, அம்மையார் ஊதிய இடமொழிய மற்றையிடமெங்குங் கொப்புளங் கொண்ட தம் திருமேனியைக் காட்டியருளினார். விடிந்ததும் நாயனார் கோயிலுக்கு ஓடி, மனைவியாரை அழைத்துக்கொண்டு இல்லஞ் சேர்ந்தார்.

இம்மட்டில் நிறுத்தி நாம் மணியடித்து விடுகின்றோம். வரலாறு இம்மட்டில் நின்றதன்று.

பின்னர் ஒருநாள் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் சாத்தமங்கைக்கு எழுந்தருளினார். அவருடன் யாழ் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர்தம் மனைவியாராகிய விறலியாரும் உடன் வந்தார். பாணர் குலத்தவர் அக்காலத்திலே கோயிலினுள்ளும் அந்தணர் மனையினுள்ளும் புகும் வழக்கமில்லாதவர். இரவிலே பிள்ளையார் திருநீலநக்கரை அழைத்து, யாழ்ப்பாணர் இன்று தங்குதற்கு ஓரிடங் கொடுக்கும்படி கேட்டார். நாயனார் திண்ணையைக் காட்டினாரல்லர், கொட்டிலைக் காட்டினாரல்லர். வீட்டின் நடுவே, தாம் நாடோறும் ஓமம் வளர்க்கும் வேதிகையின் பக்கத்திலே இடங் கொடுத்தார். அவ்வேதிகையிலே அறாதிருந்த தீ வலஞ்சுழித்து மேலோங்கிற்று. பாணரும் விறலியாரும் அவ்விடத்திலே துயின்றனர்.

இங்கே இரண்டு நோக்கத்தக்கன. முதலாவது, இடங் கேட்டவர் ஒரு பிள்ளை. தம்மோடு வருபவர் தம்மோடு தங்கவேண்டுமென்று அப்பிள்ளைக்குத் தோன்றியது, வேறொன்றுந் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குப் பிறரை ஏற்கக் கற்பிப்பது எங்ஙனமென்று இக்காலத்திற் பலர் வினவுகின்றனர். யான் முப்பதாண்டு கற்பித்துக் கண்டது மறுதலையாயுள்ளது. ஐந்து வயதிலே ஒரே வாங்கில் நெருங்கியிருந்து ஒரே பணியாரத்தைக் கடித்துப் பங்கிடும் பிள்ளை, பத்து வயதில் விலகியிருக்கக் கற்று வருகின்றது. கற்பித்தவர் யாவர்? வீடும் ஊரும் கற்பித்தன, நாமுங் கற்பித்தோம்.

இரண்டாவது, இடங் கொடுத்தவர் முன்னொருகால் எச்சிலென்று மனைவியைத் துறந்தவர். ஆசாரத்திலே அத்துணை இறுகியிருந்தவர்க்கு இது ஒரு பொழுதிற் கைகூடியதோ? அன்பு பட்ட இடமே கொப்புளியாத இடமென்று தம் வீட்டார் பொருட்டாக முன்னரே கற்றிருந்தார். ஆதலால் அயலார் பொருட்டாக மறுமுறை கனவு வேண்டியதாயில்லை. அவர் பூசையை விட்டாரல்லர், ஓமத்தை விட்டாரல்லர் என்பதையும் ஒருங்கு நோக்குக. பிறர்க்கு இடங் கொடுத்தற்குத் தம் சமயத்தைத் தளர்த்தவேண்டுமென்று நினைப்பாரும், சமயத்தைக் காத்தற்குப் பிறரை விலக்கவேண்டுமென்று நினைப்பாரும் இவ்வரலாற்றைக் கருத்தூன்றிப் படித்திலர்.

யான் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். திருநீறணிந்து அங்கே சென்றேன். ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விரதமிருக்கும் சைவப் பிள்ளைகளுக்கென்று விடுதியிலே மச்சம் படாத பாத்திரத்தைத் தனியே வைத்துப் பேணினார் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர். பிற சமயத்தார் மனையிலே எனக்குக் கிடைத்த இடம் அது. என் வீட்டிலே யான் கொடுத்த இடத்தையுஞ் சொல்லுகின்றேன். எங்கள் பனைகளிலே தொழில் செய்தவருடைய மகன் பாடசாலையில் என் வாங்கிலிருந்தான். கணக்கிலே என்னிலும் வல்லன். ஒருநாள் புத்தகமொன்று வாங்க எங்கள் படலைக்கு வந்து, தண்ணீர் கேட்டான். பன்னிரண்டு வயதினனாகிய யான், வேலியிற் செருகியிருந்த சிரட்டையை எடுத்து அவன் கையிற் கொடுத்து, செம்பை உயர்த்தி வார்த்தேன். அங்ஙனஞ் செய்யும்படி அன்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, பார்த்துப் பழகியிருந்தேன். அவன் குடித்தான். சிரட்டையை இருந்த இடத்திலே திரும்பச் செருகினான். மறுநாள் என் வாங்கில் அவன் இருந்திலன். பின்னர் ஒருபோதும் இருந்திலன்.

நம் நாட்டின் பாடசாலை வரலாற்றிலும் இச்சிரட்டை உண்டு. 1930ஆம் ஆண்டையடுத்து, உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிலே பிள்ளைகள் யாவருக்குஞ் சம ஆசனம் வேண்டுமென்று பணிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலே சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கிலிருத்தலைக் காணப் பொறாது வாங்கையே எரித்தனர். பொதுவிடங்களில் விலக்குதலைக் குற்றமாக்குஞ் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னும், 1968இல் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, வழிபட வந்த சைவரைச் சைவரே மறித்து நின்றனர். ஆன்மாவுக்குச் சாதியில்லை, அது உடம்பைப் பற்றியது என்று நாம் சித்தாந்த வகுப்பிலே சொல்லுகின்றோம். அதே நாவினால் வேறொன்றை வீட்டிலே சொல்லின், பிள்ளை எதனைக் கொள்ளும்? நல்லைநகர் நாவலரவர்கள் சாதியாசாரத்தை வற்புறுத்தியவர்களே. அதனை மறைத்தல் அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. ஆயினும் பெரியபுராணத்தை உரைநடையாக்கிப் பிள்ளைகளும் படிக்கும்படி நம் கையிற் றந்தவர்களும் அவர்களே. அப்புராணத்தை முழுவதும் படிப்பித்தலே நாம் அவர்களுக்குச் செலுத்துங் கடன்.

முழுவதும் படிப்பித்தால் இடர்ப்பாடான வினாக்கள் வரும். யாழ்ப்பாணர் திருவாரூரை அடைந்தபோது இறைவர் அவருக்கு வடதிசையிலே வேறொரு வாயில் வகுத்தருளினாரென்று யான் கூறியபொழுது, பின்வாங்கிலிருந்த பிள்ளையொன்று, “முன்வாயிலால் ஏன் விடவில்லை?” என்று கேட்டது. சிறிது நேரம் வாளாவிருந்தேன். முன்வாயிலை அடைத்திருந்தவர் மனிதர், வடவாயிலைத் திறந்தவர் இறைவர் என்பதே என் வாயில் வந்த விடை. அவ்விடை அப்பிள்ளைக்குப் போதியதாகத் தோன்றவில்லை. எனக்கும் முற்றும் போதியதன்று. ஆயினும் இத்தகைய வினாவை அதட்டி அடக்கும் ஆசிரியர் புராணத்தைக் காத்தவராகார்.

மதுரையிலே சமணர் கழுவேறிய பகுதியும் இத்தகையதே. அதனைச் சிரிப்புக்கிடமாகப் படிப்பிப்பாரை யான் கண்டுள்ளேன். அன்பர்களே, அவ்வகுப்பு முடிந்து அடுத்த பாடத்திற்கு நாம் எடுக்கும் நன்னூலைச் செய்த பவணந்தி முனிவர் சமணரன்றோ? சிந்தாமணி செய்த திருத்தக்கதேவரும் சமணர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் முஸ்லிம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இத்தாலி தேசத்துக் கிறிஸ்தவர். பெயரைச் சொல்லும்போது அவர்தஞ் சமயத்தையும் ஒரு சொல்லாற் சொல்லிவைத்தால், பிள்ளை தன் தமிழை யார் யார் கூடி ஆக்கினர் என்று தானே கண்டுகொள்ளும். தனிப் பாடம் வேண்டியதில்லை. புத்தர் கோலத்தை மாற்றாமலே கல்லெறிந்து வழிபட்ட சாக்கிய நாயனாரை அறுபத்துமூவருள் வைத்திருப்பதையும், சிங்களப் பிள்ளைகளைக் கண்டறியாத நம் பிள்ளைகளுக்குச் சொல்லுக.

இன்னொன்றைச் சொல்லாது விடுதல் கூடாது. 1983இல் தென்னிலங்கையிலே நம்மவர் வீடுகள் எரிந்ததை நம் பிள்ளைகள் அறிவர், நாம் சொல்லியிருக்கின்றோம். 1990 அக்டோபர் மாதத்திலே வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 70,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும், யாழ்ப்பாண நகரத்தவர்க்கு அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணி நேரமே என்பதையும் எத்தனை வகுப்புகளிற் சொல்லியிருக்கின்றோம்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சிலர் மீண்டு வந்து இன்று நம் ஊரிலே படிக்கின்றனர். மலைநாட்டிலிருந்து கலவரங்களாற் றுரத்தப்பட்டு வன்னியிற் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அங்ஙனமே. அவர்களைக் குறித்து ஓய்வறையிலே வழங்கும் இழிசொல் இன்னதென்று நீவிர் அறிவீர். ஓய்வறைச் சுவர் மெல்லியது, பிள்ளைகள் கேட்கின்றனர்.

ஆதலால் பெரிய திட்டமொன்றும் யான் கொண்டுவந்திலேன். வகுப்பைக் கூட்ட எப்பொழுதும் எவரை அனுப்புகின்றோம், நந்தனார் நாடகத்திலே நந்தனாராக எவரை நிறுத்துகின்றோம், பரிசளிப்பு விழாவிலே விளக்கேற்ற எவரை அழைக்கின்றோம் என்று ஆசிரியர் ஒவ்வொருவருந் தம் வகுப்புப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம். நவராத்திரிப் பூசைக்குப் பிள்ளைகள் வீடுகளிலிருந்து கொண்டுவரும் நைவேத்தியத்தையுங் கவனிக்க. சில தட்டுகள் முன்னே வைக்கப்படும். சில தட்டுகள் “பிறகு பார்ப்போம்” என்று மேசையின் கீழே இருந்து, மாலையிலே தொடப்படாமல் வீடு திரும்பும். வாயினால் ஒன்றுஞ் சொல்லப்படாமலே அப்பிள்ளை எல்லாவற்றையுங் கற்றுக்கொண்டு போகும்.

சென்ற நவராத்திரியிலே, வன்னியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த சிறுமியொருத்தி வாழையிலையால் மூடிய தட்டுடன் கதவண்டை நின்றாள். உள்ளே வரவில்லை. “ஐயா, இதை எங்கே வைப்பது?” என்றாள். கும்பத்தின் பக்கத்திலே வை என்றேன். என்னை ஒருமுறை பார்த்து, தோழியர் முகங்களையும் பார்த்து, மெல்ல வந்து கும்பத்தின் வலப்பக்கத்திலே வைத்தாள். தீபாராதனை முடிந்ததும் அத்தட்டிலேயே முதற் பிடியை யான் எடுத்து உண்டேன். சர்க்கரையுந் தேங்காய்ப்பூவுங் கலந்த அவல். ஏலம் சிறிது மிகுதி. அடுத்த மணி அடிக்குமுன்னே தட்டு வெறுமையாயிற்று.