ஒட்டும் பற்றும்

ஓர் உயிரைத் தாயிடத்திலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் வைத்தால், அது அவ்விடத்துக்கு உரியதாவது எப்பொழுது? வைத்த கணத்திலா, வேர் கொண்ட நாளிலா, அன்றி அவ்விடத்தார் 'இது எம்முடையது' என ஒப்புக்கொண்ட பின்னரா? இவ்வினா உயிரியலுக்கும் அறவியலுக்கும் பொதுவானது. சப்ரகமுவத் தோட்டங்களைப் பொறுத்தவரை இது வரலாற்றின் வினாவுமாகும். தோட்டத் தமிழரைப் பற்றி எழுதுவோர் 'பிடுங்கி நடப்பட்ட மக்கள்' என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. இரக்கத்திற் பிறந்த உவமை அது. ஆயினும் இரக்கத்திற் பிறந்த சொற்கள் யாவும் நீதியான சொற்கள் ஆகிவிடுவதில்லை. எனவே அவ்வுவமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் தகும்.

1. முருகைக்கல்

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடல் இல்லை. கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களும் நிலத்தாற் சூழப்பட்டவை. எனினும் மேற்கூறிய வினாவின் மிக எளிய வடிவம் கடலிலேயே காணப்படுகிறது. உப்புநீர்க் கண்ணாடித் தொட்டிகளில் முருகைகளை வளர்ப்போர், தாய்த் தொகுதியிலிருந்து விரலளவான துண்டொன்றை வெட்டியெடுத்து, பசையினாலோ எப்பொக்சிக் களியினாலோ ஒரு கல்லில் ஒட்டிவைப்பர். பார்ப்பவருக்கு வேலை அத்துடன் முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அப்பொழுதுதான் வேலை தொடங்குகிறது. நாட்கள் செல்லச் செல்லத் துண்டின் அடியிலுள்ள உயிருள்ள இழையம் பசையின் மேலாகப் பரவிக் கல்லைத் தொடுகிறது. தொட்ட இடத்திற் கல்சியங் காபனேற்றைப் படியவைத்துத் தன் அடித்தளத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. சில மாதங்களிற் பசை உள்ளே புதையுண்டுபோகும். பின்னர் அதனைத் தாங்கி நிற்பது அதன் சொந்தக் கட்டடமே.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. பசை செய்யும் உதவி ஒன்றே: துண்டை அசையாமல் வைத்திருத்தல். அலை தினமும் துண்டை ஆட்டுமாயின், புதிதாகப் படரும் விளிம்பு தினமும் முறியும். முருகை எவ்வளவு நலமுடையதாயினும் பற்றிக்கொள்ள இயலாது. அடுத்து, கல் அதற்கு உணவு ஊட்டுவதில்லை. இழையத்துள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவும், நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களுமே அதனை வளர்க்கின்றன. கல் தருவது இடம் ஒன்றே.

இம்முறை பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. மன்னார் வளைகுடாவில், முருகைக்கல் அகழ்வினாற் சிதைந்த திட்டுக்களை மீட்பதற்காகத் தூத்துக்குடி ஆய்வாளர் 2002 முதல் முருகைத் துண்டுகளைச் சீமெந்துப் பலகைகளிற் கட்டிக் கடலடியில் வைத்து வந்துள்ளனர். தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பலர் கடந்துவந்த கடலும் அதுவே.

2. அரும்பும் துண்டும்

தரைக்கு வருவோம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளின் சரிவுகளை மூடி நிற்கும் இறப்பரும் தேயிலையும் இதே வினாவை வேறு இரு விதமாக எழுப்புகின்றன.

இறப்பர் நாற்றுமேடையில் நிகழ்வது அரும்பொட்டு. விதையிலிருந்து முளைத்த கன்றின் பட்டையைக் கதவுபோல் வெட்டித் திறந்து, தேர்ந்த இனமொன்றின் அரும்பைப் பட்டைத்துண்டோடு எடுத்து அதனுள் வைத்துக் கட்டுவர். ஏறத்தாழ மூன்று வாரங்களின் பின் கட்டவிழ்த்துப் பார்க்கையில் துண்டு பச்சையாக இருப்பின் ஒட்டுப் பிடித்துவிட்டது. அதன்பின் ஒட்டுக்கட்டையின் மேற்பகுதி வெட்டப்படும். புதிய அரும்பே மரமாக எழும். இங்கே உயிரோடு உயிர் பொருந்துகிறது. இரண்டின் மாறிழையங்களும் ஒன்றையொன்று தொடாவிடின் எந்தக் கட்டும் பயன்படாது. ஆயினும் அவை ஒன்றில் ஒன்று கரைந்துவிடுவதில்லை. வேர் தன் இயல்போடும் மேல்மரம் தன் இயல்போடும் இறுதிவரை நிற்கின்றன. முதிர்ந்த மரத்தின் அடியிற் பருத்துத் தோன்றும் பொருத்து அதற்குச் சான்று. இணைதற்குக் கரைதல் வேண்டுவதில்லை என்பதனைப் பால்வெட்டும் தொழிலாளி நாள்தோறும் கண்முன்னே காண்கிறார்.

தேயிலையின் கதை வேறு. ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட சிறு தண்டு, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் நிழலின் கீழ் வைக்கப்படுகிறது. அதற்கு ஒட்டுக்கட்டை இல்லை. வெட்டுண்ட முனையிலிருந்து அது தன் வேரைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நிழலும் ஈரமும் காவலும் தேவை.

ஆகவே வாழ்வைத் தொடர்வதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன. இறப்பர் அரும்பு பிறர் வேரிற் பொருந்துகிறது. தேயிலைத் தண்டு தன் வேரைத் தானே விடுகிறது. முருகைத் துண்டு வேரே இன்றித் தன் உழைப்பாற் பற்றிக்கொள்கிறது. மூன்றிலும் வெட்டுபவன் புறத்தேயுள்ளவன். வாழ்விப்பது அகத்தேயுள்ள உயிர்.

3. மனிதரும் சட்டமும்

இம்மூன்றும் மனிதருக்கு எவ்வாறு பொருந்தும்? இறப்பர் இத்தீவின் மரம் அன்று. பிரேசிலிற் சேகரிக்கப்பட்ட வித்துக்கள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, 1876இற் கன்றுகளாக இலங்கைக்கு வந்தன. தேயிலையின் வாணிகப் பயிர்ச்செய்கை 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலரால் தொடங்கப்பட்டது. இவ்விரு பயிர்களும் நாட்டின் செல்வம் என எண்ணப்பட்டன. எவரும் இறப்பர் மரத்திடம் அதன் பாட்டன் பிறந்த ஊரைக் கேட்டதில்லை. அப்பயிர்களை வளர்த்த கைகளிடம் அது கேட்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளியாற் குடியுரிமை பெறுவதாயின் அவருடைய தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டம் தொடர்ச்சியான வதிவை அளவுகோலாக்கியது. ஆனால் பிறப்பும் இறப்பும் பிரட்டுக் களமும் லயமுமாக வாழ்ந்தோரிடம் எழுத்துச் சான்றுகளை அது கேட்டது. விண்ணப்பித்தோரிற் பெரும்பான்மையோர் நிராகரிக்கப்பட்டனர். 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். நாடற்றோர் நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள்.

இங்கேதான் உவமையின் குறை புலப்படுகிறது. முதற் சட்டம் துண்டு எங்கிருந்து வெட்டப்பட்டது என்பதையே கேட்டது. அது எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்று கேட்கவில்லை. 'நடப்பட்ட மக்கள்' என்று கூறும் இரக்கமும், தன்னை அறியாமல், அதே இடத்தில் நின்றே பேசுகிறது. நட்டவனே அவ்வாக்கியத்தின் எழுவாய், மக்கள் செயப்படுபொருள். துரையும் கங்காணியும் அழைத்து வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் செய்தது பசையின் வேலையினும் குறைவு. பசையாவது அசையாமல் பிடித்துக்கொள்ளும். காட்டை வெட்டிச் சரிவைத் தோட்டமாக்கியதும், லயத்து வாசலிற் கோயில் எழுப்பியதும், பிள்ளைகளைப் பெற்றுப் பள்ளிக்கு அனுப்பியதும், இறந்தோரை அம்மண்ணிலேயே அடக்கியதும் அம்மக்களின் செயல்கள். அவை பற்றுதலே; ஒட்டப்படுதல் அல்ல.

4. இரு மறுப்புகள்

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பற்றியிருத்தலே உரிமையாகுமா? அவ்வாறாயின் வலிந்து புகுந்து நிலைகொண்ட எவரும் உரியவர் ஆகிவிடுவர் அன்றோ எனலாம். வேறுபாடு உண்டு. முருகை கல்லைச் சிதைத்துப் பற்றுவதில்லை. தன் உழைப்பைச் சேர்த்தே பற்றுகிறது. அழைக்கப்பட்டு வந்து, பிறர் ஈட்டிய செல்வத்துக்குத் தம் உடலுழைப்பைக் கொடுத்து, அதன் வழி ஓர் இடத்திற் கொண்ட பற்று அறத்தின்பாற்பட்ட உரிமையை ஆக்குகிறது. அதனைச் சட்டம் ஏற்றல் கொடையன்று, கடன் தீர்த்தல்.

இரண்டாவது மறுப்பு உள்ளிருந்தே எழுவது. சப்ரகமுவத் தோட்டங்கள் பல சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. அயலவரின் மொழியிற் பேசி, சில இடங்களில் அம்மொழியிலேயே கற்று வளரும் பிள்ளைகள் தம் அடையாளத்தை இழந்துவிடுவார்களோ என்னும் அச்சம் பெரியோரிடம் உண்டு. அச்சம் பொருளற்றதன்று. தாய்மொழிக் கல்வி எட்டாத காரணத்தால் மட்டும் ஒரு பிள்ளை பிறமொழியிற் கற்குமாயின், அது தெரிவு ஆகாது. ஆயினும் அயலவரோடு பொருந்துதலை இழத்தல் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டுமரத்தின் பொருத்து அதனையே காட்டுகிறது. கரைந்துபோகுமாறு கேட்பது தவறு. பொருந்த மறுப்பதும் வாழ்வுக்கு உதவாது.

அசையாமை பற்றி முன்னர்க் கூறப்பட்டது. 1977இலும் 1981இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் உலுக்கின. 2016 மே மாதத்தில் புலத்கொகுப்பிட்டியவின் களுபஹன தோட்டத்தில் மண்சரிவு லயத்தோடு மனிதரையும் புதைத்தது. முன்னவை மனிதர் ஆட்டிய அலை. பின்னதில் அடித்தளமே நழுவியது. பற்றும் ஆற்றல் மக்களிடம் எவ்வளவு இருப்பினும், ஆட்டாதிருத்தலும் உறுதியான நிலம் தருதலும் சமூகத்தின் கடமைகளாகவே எஞ்சுகின்றன. சொந்தக் காணி, பாதுகாப்பான வீடு, அச்சமின்றி உறங்கும் இரவு ஆகிய மூன்றுமே அக்கடமைகளின் பெயர்கள்.

தமிழிற் 'பற்று' என்னும் சொல் பிடித்துக்கொள்ளுதலையும் அன்பையும் ஒருங்கே குறிக்கும். துறவு நெறி பற்றை விடச் சொல்கிறது. ஆனால் விடுவதற்கும் முதலில் ஒன்று உரியதாயிருத்தல் வேண்டும். உரிமை மறுக்கப்பட்டவருக்குத் துறவு அறமாகாது. அது மற்றோர் இழப்பே. ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகலாம்: ஓர் உயிர் ஓரிடத்துக்கு உரியதாவது, பிறர் அதனை அங்கு வைத்ததாலன்று, தன் வாழ்வை அவ்விடத்தின் மேல் அது கட்டியெழுப்பியதால். அதனை ஒப்புக்கொள்ளும் பொழுது அவ்விடத்தார் புதிதாக எதையும் வழங்குவதில்லை. ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றைக் காலந்தாழ்த்திக் கண்டுகொள்கின்றனர்.