வைகாசிக்குப் பூ

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள பழுகாமத்தில் பூங்கன்று வைக்க நினைப்பவர் முதலில் கோயில் நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும், பிறகு கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை கொட்டுகிற மாரியில் எதைப் போட்டாலும் முளைக்கும். கண்ணகை அம்மனுக்குச் சடங்கு வருவதோ வைகாசியில். அந்நேரம் கச்சான் காற்று வீசத் தொடங்கியிருக்கும். முற்றத்து மண் காலைச் சுடும். வாவிக்குக் கிட்டவுள்ள கிணறுகளில் தண்ணீர் மெல்லச் சவர்க்கத் தொடங்கும். தையில் பூத்துக் குலுங்கிய பாத்தி வெறும் மண்ணாகக் கிடக்கும். அம்மனுக்குப் பூ கேட்கிற நாளில் வளவில் பூ இராது.

தோட்டக்கலைப் புத்தகங்கள் செடிகளை ஓராண்டுச் செடி, பல்லாண்டுச் செடி என்று பிரிக்கின்றன. சைவ மரபு பிரித்த விதம் வேறு: கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ. திருப்புகலூர் முருக நாயனார் விடியுமுன் நீராடி, இந்த நான்கு வகையிலும் பூக்கொய்து, மாலை தொடுத்துச் சிவனுக்குச் சாத்தினார் என்று சேக்கிழார் சொல்கிறார். போர் செய்தவரும் கண்ணைத் தோண்டிக் கொடுத்தவரும் இருக்கிற அறுபத்து மூவர் வரிசையில், நாள்தோறும் பூப்பறித்த ஒருவருக்கும் இடம் உண்டு. அந்த நால்வகைப் பகுப்பில் செடியின் ஆயுளைப் பற்றிப் பேச்சே இல்லை. மரத்திலிருந்தா, கொடியிலிருந்தா, நிலத்திலிருந்தா, நீரிலிருந்தா என்பதோடு கணக்கு முடிகிறது. பூப்பறிக்கிறவருக்கு அது போதும். நடுகிறவருக்குப் போதாது, அவர் காலத்தையும் சேர்த்தே நட வேண்டியிருக்கிறது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வழிபாட்டிலேயே இரண்டு விதமான காலம் ஓடுகிறது. மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டு முழுதும் கதவு சாத்தியே இருக்கும். வைகாசியில்தான் திறப்பார்கள். சில நாட்கள் சடங்கு நடக்கும், கண்ணகி வழக்குரை படிக்கப்படும். மதுரையை எரித்து வந்தவளின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடுவார்கள். பிறகு கதவு சாத்தப்படும். பழுகாமம் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பான தீப்பள்ளயமும் ஆண்டுக்கு ஒரு தரம்தான். தெற்கே மண்டூரில், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் இல்லாமல் பூசை நடக்கிற முருகனுக்கு ஆவணிப் பௌர்ணமியில் தீர்த்தம். இவையெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கத்தில், ஒவ்வொரு வீட்டிலும் பொழுது பட்டதும் சுவாமி படத்தடியில் ஒரு விளக்கு, ஒரு பூ. இதற்குப் பறையும் இல்லை, கூட்டமும் இல்லை.

கதவு சாத்தியிருக்கிற மாதங்களில் அம்மன் அங்கே இல்லை என்று இந்தப் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. கோயிலடியால் போகிறவர் சாத்தின கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்.

ஒரு மாரியோடு முடிகிற செடிகளை நான் புரிந்துகொண்டது அந்தக் கும்பிடுகையைப் பார்த்துத்தான். காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லிகை, சீனியா எல்லாம் அந்த வகை. ஐப்பசியில் முதல் மழை நன்றாக இறங்கியதும் விதை போட்டால் காசித்தும்பை இரண்டு மாதத்துக்குள் பூக்கும். மார்கழித் திருவெம்பாவை விடியலுக்கும் தைப்பொங்கலுக்கும் அதுதான் கைகொடுக்கும். பூ முடிந்ததும் தண்டோடு ஒட்டி, மெல்லிய மயிர் போர்த்த சிறு காய்கள் தொங்கும். முற்றிய காயை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஐந்து இதழாக வெடித்து, அந்த இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு, கபில நிற விதைகளை நாலா பக்கமும் எறியும். உள்ளங்கைக்குள் வைத்து வெடிக்கவிட்டால் அந்தத் துடிப்பு தோலில் தெரியும். சாகப் போகிற ஒரு செடியிடம் இவ்வளவு விசை எங்கே இருந்தது என்று வியப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. எனக்கும்தான்.

மாசி முடிய அந்தச் செடி மஞ்சளித்துச் சாய்ந்துவிடும். அதைப் பிடுங்கிப் போடுகையில் மனம் நோவதில்லை. விதை போத்தலுக்குள் போய்விட்டது. நன்றாகக் காய்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து, ஈரம் படாத இடத்தில் வைத்தால் அடுத்த மாரி வரை இருக்கும். அலுமாரித் தட்டில் சத்தமில்லாமல் இருக்கிற அந்தப் போத்தலும் ஒரு சாத்தின கதவுதான்.

ஓராண்டுச் செடி கேட்பது ஒன்றே ஒன்று: மறுபடியும் தொடங்கு. போன வருடம் எவ்வளவு அழகாகப் பூத்தது என்ற பெருமை இந்த வருடப் பாத்திக்கு எருவாகாது. மண்ணைக் கொத்த வேண்டும், விதை தூவ வேண்டும், கோழியிடமிருந்து காக்க வேண்டும். நியமம் என்பதும் இதுவே. நேற்றுச் சொன்ன அஞ்செழுத்து நேற்றோடு போயிற்று. அதை நினைத்துக் கவலைப்படவும் வேண்டாம், அதில் சாய்ந்து இளைப்பாறவும் முடியாது. சித்திரை வெயிலில் பூத்த சாடிகளைக் கடையில் வாங்கி வந்து வாசலில் அடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். வாங்குகிறவர் காசு, வாங்கட்டும். ஆனால் முளையும் இல்லாமல் விதையும் இல்லாமல் பூவை மட்டும் வாங்கினால், இரண்டு கிழமையில் காய்ந்த சாடிதான் மிஞ்சும்.

நிலைத்து நிற்கிற செடிகளின் பாடம் வேறு. செவ்வரத்தைக் கம்பொன்றை ஒடித்து மாரியில் ஊன்றினால் வேர் பிடிக்கும், நந்தியாவட்டையும் அப்படியே. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால், பிறகு அவை வீட்டுக்காரரை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. நித்தியகல்யாணி, சிலர் பட்டிப்பூ என்பார்கள், இன்னும் ஒரு படி மேல். மணல், வெயில், சவர்த் தண்ணீர் எதற்கும் அஞ்சாது. மடகஸ்காரிலிருந்து உலகமெல்லாம் பரவிய செடி அது. அதன் சாற்றிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. மயானத்தடியிலும் பூக்கிறது என்று அதைச் சுவாமிக்கு வைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. சுடலையில் ஆடுகிறவருக்கு அதில் என்ன குறை என்பது என் எண்ணம்.

பல்லாண்டுச் செடி என்பதால் அதன் பூவும் நீடிக்கும் என்று எண்ண வேண்டாம். செவ்வரத்தைப் பூ காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும். பல வருடம் நிற்கிற செடி ஒவ்வொரு நாளும் தருவது ஒருநாள் பூவை. தேங்கி நிற்பது அதன் குணமல்ல, நாளும் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் அதன் குணம். விளக்கு வைக்கிற வீட்டுக்கு ஏற்றது இந்தச் செடி. ஓடிப்போய் ஒரு பூ ஆய்ந்து வர, கிணற்றடியில் ஒரு செவ்வரத்தை இருந்தால் போதும்.

வைகாசிக்கு என்ன செய்வது? கொன்றை இருக்கிறது. இந்த வறண்ட நிலத்துக்கே உரிய மரம் அது. மற்றதெல்லாம் வாடுகிற சித்திரை வைகாசியில், இலை உதிர்ந்த கிளைகளில் பொன்னிறச் சரமாகத் தொங்கும். ஈரம் குறைந்த காலமே அதற்குப் பூக்காலம். சிவன் சடையில் ஏன் இந்தப் பூவைச் சூட்டினார்கள் என்று கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிற வழியில், வெயிலில் ஒரு கொன்றையைப் பார்த்தபோது கொஞ்சம் விளங்கியது. வறட்சி வந்த பிறகும் கொடுக்க ஏதோ இருப்பது பெரிய விஷயம். கொக்கட்டிச்சோலைச் சிவதலத்தின் பெயரிலேயே மரம் இருக்கிறது. கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியதென்றும், அங்கே இலிங்கம் வெளிப்பட்டதென்றும் ஐதீகம். அங்குள்ள தான்தோன்றீஸ்வரர் நட்டு வந்தவரல்ல, தானாக வந்தவர்.

கொன்றை நட்டால் பூக்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். வில்வம் அதைவிட மெதுவானது. முள் வேறு. வயது போனவர் வில்வங்கன்று வைத்தால் பக்கத்து வீட்டார் சிரிப்பது வழக்கம். அந்த இலையால் அர்ச்சனை நடக்கும்போது வைத்தவர் இருப்பாரோ தெரியாது. சைவர்கள் நந்தவனம் வைப்பதைச் சரியைத் தொண்டில் சேர்த்ததன் நுட்பம் இங்கே இருக்கிறது. பூசை செய்பவருக்கு அந்தக் கணமே ஒரு நிறைவு கிடைக்கிறது. மரம் வைப்பவருக்கு அதுவும் உறுதியில்லை. வேறொருவர் செய்யப் போகிற பூசைக்கு அவர் தண்ணீர் ஊற்றுகிறார்.

மரம் என்றால் நிலையானது என்று சொல்லிவிடவும் இந்த மண்ணில் முடியாது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. அந்த ஒரு இரவில் தென்னந்தோப்புகள் தோப்புகளாகவே விழுந்தன. தாத்தாமார் வைத்த மாவும் பலாவும் வேரோடு கிடந்தன. 2007இல் போரினால் படுவான்கரையின் பெரும்பகுதிச் சனம் இடம்பெயர்ந்து, வாவியைக் கடந்து எழுவான்கரையில் முகாம்களில் இருந்தது. திரும்பி வருகிறவருக்கு வேலி இராது, கூரையும் இராது. நின்ற மாமரமும் கிணற்றுக் கட்டும்தான் இது உன் வளவு என்று சொல்லும். ஆகவே எது நிலைக்கும், எது போகும் என்பதை ஆயுளைப் பார்த்து முடிவுகட்ட முடியாது. நாம் ஓராண்டு, பல்லாண்டு என்கிறோம். காற்று அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை.

இந்த இரண்டுக்குள்ளும் அடங்காத ஒன்றும் இருக்கிறது: கார்த்திகைப் பூ. பழைய பெயர் காந்தள். எங்கள் நாட்டில் அந்தப் பூவைச் சுற்றிப் பல நினைவுகள் உண்டு. நான் பேச வந்தது அதன் கிழங்கைப் பற்றி. மாரி தொடங்கியதும் பற்றைக்குள்ளிருந்து ஒரு தளிர் எழும். ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு, சுருண்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். கார்த்திகையில் பூக்கும். ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து, பச்சையாகத் தொடங்கி மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி நிற்கும். மாரி முடிந்து சில காலத்தில் கொடி முழுதும் காய்ந்து மண்ணோடு போய்விடும். இளவயதில் ஒருமுறை அந்தக் காய்ந்த கொடியை வேலியிலிருந்து இழுக்கப் போனபோது, ஊர்ப் பெரியம்மா ஒருவர் தடுத்தார்.

“அதக் கிண்டாத புள்ள. செத்துப் போகல்ல அது. மழைக்கு மறுகா வரும்.”

கலப்பை மாதிரி வளைந்த ஒரு கிழங்கு நிலத்துக்குள் கோடையைக் கழிக்கிறது. மேலே ஒரு அடையாளமும் இல்லை. அந்த இடத்தை அறிந்தவருக்கு மட்டும் அங்கே ஒன்று இருக்கிறது. இறைநினைவும் பல பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. துன்பமான வருடங்களில் கோயிலுக்குப் போகாமல், விளக்கு வைக்காமல், கேட்டால் எரிந்து விழுகிறவர்களை நாம் பக்தி இல்லாதவர் என்று கிண்டிப் பார்க்கிறோம். பெரியம்மா சொன்னதை அங்கேயும் சொல்லலாம். அந்தக் கிழங்கு கடும் நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். சிறுபிள்ளைகள் உள்ள வளவில் அதை நட வேண்டாம். வேலிக்கு வெளியே தானாக வந்தால் பார்த்துக் கும்பிட்டால் போதும்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், ஈசன் உவக்கும் மலர்களைப் பற்றிப் பாடியபோது கூப்பிய கைகளைக் காந்தளாகக் கண்டார். வெளியே பூக்கிற மல்லிகையையும் தாமரையையும் தாண்டி உள்ளம், கை, கண் என்று மூன்று மலரைச் சொன்னார். பூ இல்லாத நாளிலும் பூசைக்குக் குறைவில்லை என்பதற்கு அந்தப் பாட்டு சாட்சி. ஆனாலும் அதைச் சாட்டாக்கிக்கொண்டு வளவை வெறுமையாகப் போடுவது அடிகள் கருத்தாக இருந்திராது. பூக்களைத் தெரிந்த ஒருவரால்தான் அப்படிப் பாட முடியும்.

எதைத் தெரிவு செய்வது என்று கேட்டால், என் பதில் இதுதான். கொஞ்ச நிலமும் ஒரு கிணறும் உள்ளவர், கிணற்றடியில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வையுங்கள், அது தினப்படி விளக்குக்கு. வெயில் படுகிற வேலியோரம் நித்தியகல்யாணி தானே பார்த்துக்கொள்ளும். வளவின் மேற்குப் பக்கம் ஒரு கொன்றை நிற்கட்டும். முற்றத்தில் ஒரு பாத்தியை மட்டும் ஓராண்டுச் செடிக்கு ஒதுக்கி, ஒவ்வொரு ஐப்பசியும் புதிதாகக் கொத்துங்கள். கோடையில் அந்தப் பாத்தி வெறுமையாகவே கிடக்கலாம். அதைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை.

இன்னொன்று. சடங்குக்கு வேப்பிலை எங்கும் கிடைக்கிறது. கமுகம்பாளைக்குத்தான் வைகாசியில் வீடு வீடாகக் கேட்டுத் திரிகிறார்கள். கமுகுக்கு ஈரம் வேண்டும், வெறுங்கோடை தாங்காது. குசினித் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் ஓடுகிற வாய்க்காலோரம் இந்த மாரியில் இரண்டு கமுகங்கன்று வையுங்கள். பாளை வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும்.