நாற்காலியில் உட்காரும் முன்

அம்பத்தூரிலும் கோவையிலும் ஓசூரிலும் பட்டறையும் ஆலையும் நடத்துகிற முதலாளிகளே, ஐடிஐ முடித்து வருகிற பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியவில்லை என்று நெடுநாளாகக் குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். நியாயமான குறைதான். பயிற்சியை முடிவு செய்யும் இடத்தில் எங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றீர்கள். வந்துவிட்டது. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டப்படி 1,000 அரசு ஐடிஐக்கள் 60,000 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்படும். உடைமை அரசுக்கு, நிர்வாகம் தொழில்துறைக்கு. அதில் தொழில்துறை போடுவது 10,000 கோடி. ஆறு ரூபாயில் ஒரு ரூபாய்தான் உங்களுடையது. மிச்சம் ஊர்ப்பணம், சோப்புக் கட்டி வாங்குகிறவளும் வரி கட்டிச் சேர்த்தது.

இது முதல் நாற்காலியும் அல்ல. 2007-08இல் தொடங்கிய திட்டத்தில் 1,396 ஐடிஐக்களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வந்தது. நிர்வாகக் குழுத் தலைவராகத் தொழிலதிபரையே வைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனோம் என்று தங்கள் மனத்தையே கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் ஆலையில் ஓடும் ஒரே மெஷினுக்காகப் பாடத்தை வளைக்காதீர்கள். மெஷின் சில வருடத்தில் காயலான் கடைக்குப் போய்விடும். அந்தப் பிள்ளை நாற்பது வருடம் உழைத்துச் சாப்பிட வேண்டும். வரைபடம் வாசிக்கவும், அளவெடுக்கவும், பழுது எங்கே என்று யோசிக்கவும் ஐடிஐ சொல்லித் தரட்டும். உங்கள் மெஷினின் பொத்தான்களை உங்கள் செலவில் நீங்களே பழக்குங்கள்.

அப்ரண்டிஸ் விஷயத்தை மூடி மறைத்துப் பேச எனக்கு வரவில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தரும் திட்டமும் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தச் சந்தில்தான் அநியாயம் நுழைகிறது. ஒரு வருடம் நைட் ஷிப்டில் பெட்டி தூக்க வைத்து, சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த செட்டை இறக்குவது! ஊரார் செலவில் மலிவாக ஆள் பிடிப்பதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு எச்.ஆர். ஆளை அனுப்பாமல் நீங்களே போங்கள். இந்த வருடம் எத்தனை பேரை, என்ன சம்பளத்துக்கு எடுப்பீர்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த ஐடிஐயின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாடத்திட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.