பிறர் மடித்த குடை

அரபு அகராதிகளோடு சிறிதேனும் பழகியவர்கள் இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்-ஜவ்ஹரீ என்னும் பெயரை அறிந்திருப்பார்கள். ஃபாராபில் பிறந்து, மொழியின் தூய வழக்கைக் கேட்டறிவதற்காகப் பாலைவனக் கோத்திரத்தாரிடையே அலைந்து, இறுதியில் நைசாப்பூரில் தங்கிப் பாடம் நடத்தியவர். அவர் தொகுத்த பேரகராதியைச் சுருக்கமாக 'ஸிஹாஹ்' என்பார்கள். பழுதற்றவை, நலமானவை என்பது அச்சொல்லின் பொருள். ஐயத்திற்கு இடமான சொற்களை விலக்கி, தக்க வழியில் உறுதிப்பட்டவற்றை மட்டுமே ஏற்பது என்று அவர் தமக்குத் தாமே வேலியிட்டுக் கொண்டார்.

அத்தகையவர் எப்படி இறந்தார்? கி.பி. 1003ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. சிலர் சில ஆண்டுகள் பின்னும் சொல்வர். மரப்பலகைகள் இரண்டை இறக்கைகளாக உடலோடு பிணைத்துக்கொண்டு, நைசாப்பூர்ப் பள்ளிவாசலின் கூரைமீது ஏறி, இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்யப்போவதாகக் கூடியிருந்தோரிடம் அறிவித்துவிட்டு, வெளியிலே பாய்ந்தார், விழுந்தார், மாண்டார். அந்நாள்களில் அவருடைய மனம் கலங்கியிருந்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இருக்கலாம். ஆயினும் ஒன்று நம் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் அதன் வேரையும் வந்த வழியையும் துருவிய அப்பெரியவர், தம் உயிரைத் தாங்கவேண்டிய பலகையை ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்கவில்லையே!

இந்நினைவு நமக்கு இப்போது எழக் காரணம் நம் பழைய மாணவர் ஒருவர். துபாயில் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊர் வந்தவர் நம்மைக் காணவந்தபோது, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வானத்தின் நடுவே அவர், அவருடைய முதுகோடு பிணைக்கப்பட்ட பயிற்சியாளர், கீழே கடல். நாம் அஞ்சிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தோம். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி ஒன்று கேட்டார்: "ஹஸ்ரத், கீழே இறங்கிய பிறகுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இந்தப் பாராசூட்டை மடித்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. தெரியாத ஒருவர் கையில் உயிரைக் கொடுத்தேனே, இதற்குப் பெயர் நம்பிக்கையா, மடமையா?"

விளையாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. அதற்கு நாம் என்ன விடை சொல்வோம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு. அதற்கு உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. இக்கலையைக் குறித்துப் படித்து அறிந்த பின்னரே இதனை எழுதுகிறோம்.

இன்று வானிலிருந்து குதிப்போர் முதுகில் சுமக்கும் பையில் குடை ஒன்றல்ல, இரண்டு உள்ளன. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் விமானத்தை விட்டு நீங்குகின்றனர். மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், ஒரு நிமிட அளவுக்கு வெறும் உடலாக வீழ்கின்றனர். பின்னர்க் கையால் ஒரு சிறு குடையைக் காற்றில் எறிய, அது பெரிய குடையை இழுத்து விரிக்கிறது. அது சிக்கிக்கொண்டால், ஒரு பிடியை இழுத்து அதனை அறுத்துவிட்டு, மறுபிடியை இழுத்து இரண்டாம் குடையை விரிக்கவேண்டும். முதற்குடையைக் கணத்தில் கழற்றிவிடும் மூன்று வளையப் பூட்டைக் கண்டவர் அமெரிக்கரான பில் பூத். பெரிதினுள் நடுவண், நடுவணினுள் சிறிது என வளையங்கள் ஒன்றனுள் ஒன்று நுழைந்து நிற்கும். குதிப்பவரின் முழுப் பாரத்தையும் இறுதியில் தாங்குவது ஒரு சிறு நூற்கண்ணியும் அதனுள் செல்லும் மெல்லிய கம்பியுமே. பாரம் படிப்படியாகக் குறைக்கப்படுவதால் அக்கம்பியை ஒரு கையால் உருவிவிட முடிகிறது.

குதிப்பவர் மயங்கிவிட்டால்? அதற்கும் ஒரு கருவி உண்டு. 1991இல் ஜெர்மனியில் வெளிவந்த 'சைப்ரஸ்' என்பது அவற்றுள் புகழ்பெற்றது. தரைக்கு மேல் சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் இன்னும் வீழ்ச்சியின் வேகத்திலேயே இருக்கிறார் என்று கண்டால், இரண்டாம் குடையைப் பூட்டியிருக்கும் நூற்கண்ணியை அது தானே வெட்டிவிடும்.

இவ்வளவு இருந்தும், நம் மாணவரின் கேள்வி இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஏனெனில் கருவி வெட்டலாம், வளையம் கழலலாம். குடை ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தால்தானே விரியும்?

இங்கேதான் நாம் வியந்து நின்ற செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டுச் சட்டம் இரு குடைகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. முதற்குடையை அடுத்துக் குதிக்கப்போகிறவரே மடித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் குடையை அப்படிச் செய்ய இயலாது. அரசின் சான்று பெற்ற 'ரிக்கர்' எனப்படும் தொழிலாளியே அதை மடிக்கவேண்டும். சான்றுக்கு முன் அவர் அவ்வகைக் குடைகளுள் 20ஐயேனும் மடித்துப் பழகியிருக்க வேண்டும். நன்றாக உலர்த்திக் காற்றாட விடாத குடையை அவர் மடிக்கலாகாது. மடித்து முடித்ததும், பூட்டு ஊசியின்மேல் ஒரு நூலைச் சுற்றி, அந்நூலில் ஈயத்துண்டு ஒன்றை அழுத்தி, தமக்கென அரசு வழங்கிய குறியை அதில் பதிக்கவேண்டும். குடையோடு செல்லும் அட்டையில் நாள், இடம், கண்ட குறைகள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். தம் ஏட்டிலும் எழுதி ஈராண்டுகளேனும் காக்கவேண்டும். அக்குடை பயன்பட்டாலும் படாவிட்டாலும், 180 நாள்களுக்குள் பிரித்து, சோதித்து, மீண்டும் மடிக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டுக்குடையாயின் 60 நாள்களே.

எண்ணிப் பாருங்கள். அக்குடையை யார் எப்போது விரிக்கப்போகிறார் என்பது ரிக்கருக்குத் தெரியாது. பெரும்பாலும் எவரும் விரிக்கப்போவதில்லை. பத்துமுறை மடித்து, பத்துமுறையும் விரியாமலே திரும்பி வரலாம். ஒரு மடிப்பைச் சோம்பலால் விட்டுவிட்டாலும் காண்பார் இல்லை; ஈயமுத்திரை வெளியே பளபளத்துக்கொண்டே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியும் முதல் மனிதன், அதை அறியும்போது முறையிட நேரம் இல்லாதவனாக இருப்பான்.

அரபு மொழியில் அலிஃப், மீம், நூன் என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைக்கும் சொற்களை நம் வாசகர் அறிவர். 'அம்ன்' என்றால் அச்சமின்மை, பாதுகாப்பு. 'அமானத்' என்றால் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். நம் வீடுகளில் அமானிதம் என்கிறோம். 'அமீன்' என்றால் ஒப்படைக்கத் தக்கவர். 'ஈமான்' என்ற சொல்லும் இவ்வேரினதே. ஒருவருடைய பாதுகாப்பு மற்றொருவருடைய நாணயத்திற்குள் அடங்கியிருக்கிறது என்பதை மொழி தன் வேரிலேயே முடிந்து வைத்திருக்கிறது. அகராதியின் அப்பக்கத்தை நாம் முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறோம். சொல்லியதை நாமே கேட்டோமா என்பது வேறு.

ஏன் இப்படி எழுதுகிறோம் என்றால், நமக்கும் ஓர் ஈயமுத்திரை உண்டு. மாணவர் ஒரு நூலை முழுவதும் ஓதி முடித்தார் என்று சான்றெழுதிக் கையொப்பமிடுவது நம் தொழிலின் ஒரு பகுதி. பல ஆண்டுகளுக்கு முன், இலக்கண நூலொன்றின் கடைசிப் பகுதிகளை ஒரு மாணவர் ஓதிக் காட்டாமலே நாம் கையொப்பமிட்டோம். ரமலான் விடுமுறை நெருங்கியிருந்தது, அவருக்கு ஊர் செல்லும் ரயில், நமக்குக் களைப்பு. நல்ல மாணவர்தாம், எப்படியும் படித்துக்கொள்வார் என்று எண்ணினோம். அவர் பின்னாளில் ஓரிடத்தில் ஆசிரியரானார். அவருடைய மாணவர்கள் நம்மிடம் மேல்வகுப்புக்கு வந்தபோது, அந்தக் கடைசிப் பகுதிகளில் மட்டும் அத்தனை பேரும் ஒரே பிழையைச் செய்தார்கள். அப்பிழை யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது. உயிர் எதுவும் போகவில்லை. அதனால்தான் இதனை எழுத நமக்குக் கை வருகிறது.

ஆகவே, மாணவரின் கேள்விக்கு முதல் பகுதி விடை இதுவே எனக் கருதுகிறோம். அவர் நம்பியது முகமறியாத ஒரு மனிதரை மட்டுமன்று. அம்மனிதர் பொய்த்தால் அவரைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு முறைமையையும் நம்பினார். குறி, நாள், ஏடு ஆகியவை இருக்கின்றவா என்று கேட்டறிந்து நம்புவது மடமையாகாது. கேளாமல் நம்பியதோ? அவர் கேட்கவில்லை என்றே சொன்னார்.

இரண்டாம் பகுதி குதிப்பவரின் கடமையைப் பற்றியது. ரிக்கர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்ப்பார். இடையில் தேய்வதை யார் பார்ப்பது? நைலான் துணி வெயிலில் நலிவடையும். குடையின் மெல்லிய கயிறுகளுள் ஒருவகை, விரியும்போது உரசிச் சறுக்கும் துணித்துண்டின் சூட்டால் சுருங்குகின்றது; அதுவும் எல்லாக் கயிறும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆகவே கண்ணுக்கு முழுமையாகத் தோன்றும் குடை, சில நூறு குதிப்புகளுக்குப் பின் கோணலாகப் பறக்கத் தொடங்கும். முதற்குடையைப் பூட்டும் நூற்கண்ணி ஒரு சாண் நூல்கூட இல்லை. விலை ஒரு பொருட்டே அல்ல. அது நைந்துபோய் விமானத்தின் வாயிலிலேயே அறுந்தால், விரியும் குடை ஆளையும் விமானத்தையும் சேர்த்து அழிக்கக்கூடும். மூன்று வளையப் பூட்டை மாதமொருமுறை கழற்றி, நாடாவை வளைத்து நெகிழ்த்தி, கம்பியைத் துடைத்து மீண்டும் பூட்டவேண்டும். இவை எல்லாம் குதிப்பவரின் வேலை.

விமானம் ஏறுமுன் ஒருவர் மற்றவருடைய முதுகைப் பார்த்து, ஊசிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் வழக்கமும் உண்டு. பூட்டு ஊசி முதுகில் இருக்கிறது. தன் முதுகைத் தானே காண எவனுக்கும் இயலாது. எத்தனை ஆயிரம் முறை குதித்த வீரனும் இதற்காகப் பக்கத்தில் நிற்பவனிடம் திரும்பி நிற்கத்தான் வேண்டும். இவ்வழக்கம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆயினும் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கூறாமல் விடலாகாது. மேற்சொன்ன 180 நாள் என்பது 2008 இறுதி வரை 120 நாளாக இருந்தது. ஏன் நீட்டினார்கள்? துணியின் தரம் உயர்ந்தது ஒரு காரணம். அடிக்கடி பிரித்து, அழுத்தி மடிப்பதே துணியை நலிவிக்கிறது என்பது மற்றொரு காரணம். ஓயாத சந்தேகமும் ஒரு தேய்மானம்! பிள்ளைகளின் பையை நாள்தோறும் துழாவும் பெற்றோர் இவ்விடத்தில் சற்று நிற்கலாம்.

இனி நம்மை மிகவும் சிந்திக்கவைத்த செய்திக்கு வருவோம். மூன்று வளையப் பூட்டைத் தந்த அதே பில் பூத், கருவிகள் எவ்வளவு பாதுகாப்பாகின்றனவோ அவ்வளவுக்கு மனிதர் துணிவு மிகுந்து, இறப்போர் தொகை குறையாதபடி பார்த்துக்கொள்வார்கள் என்ற கருத்தைச் சொன்னார். குதிப்போரிடையே இது 'பூத்தின் விதி' என்றே வழங்குகிறது. தாம் செய்த மருந்தைப் பற்றி மருத்துவரே இப்படிப் பேசுவது அரிது. கணக்கு அவர் சொன்னபடி முழுவதும் அமையவில்லை. 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023இல் ஏறத்தாழ 36 லட்சம் குதிப்புகளில் இறந்தோர் 10 பேர். கருவிகள் பலரைக் காத்திருக்கின்றன, ஐயமில்லை.

ஆனால் எவ்வகையில் இறக்கிறார்கள் என்று பார்த்தால் பூத்தின் சொல் வேறொரு பக்கத்தில் உண்மையாகிறது. இப்போது நேரும் மரணங்களுள் பல, குடை விரியாததால் நேர்வன அல்ல. ஒரு குறையுமின்றி அழகாக விரிந்த குடையின் கீழேயே நேர்கின்றன. காரணம், சிறிய குடை. உடுப்பும் கருவியும் சேர்ந்த ஆளின் எடையைப் பவுண்டில் எடுத்து, குடையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது ஒன்றுக்கு மேற்படாதிருப்பது புதியவருக்கு நல்லது என்பர். குடை சிறிதாகச் சிறிதாக வேகம் கூடும். தரைக்கு அருகில் திரும்பும்போது அவ்வேகம் பன்மடங்காகும். பெரிய குடையோடு இறங்குவது தொடக்கக்காரரின் அடையாளம் என்று எண்ணி, தேர்ச்சிக்கு முன்பே சிறிய குடைக்கு மாறுவோர் உண்டு. ரிக்கர் பொய்க்கவில்லை, கருவி பொய்க்கவில்லை, கயிறு அறவில்லை. கடையில் குடையைத் தேர்ந்தெடுத்த அந்த நாளிலேயே தவறு நடந்துவிட்டது. பிறர் மடித்ததில் பழுது தேடுகிறோம். நாம் தேர்ந்ததை யார் சோதிப்பது? அல்-ஜவ்ஹரீயின் கூரையடியில் கூட்டம் கூடியிருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. பார்ப்பவர் இருந்தால் பலகையும் இறக்கையாகத் தோன்றும்.

இவற்றையெல்லாம் சுருக்கி மாணவருக்குக் கடிதம் எழுதினோம். மறுமொழி வந்தது. அடுத்த குளிர்காலத்தில் பயிற்சியாளரின் துணையின்றித் தனியே குதிக்கப் பயிலப்போவதாக எழுதியிருந்தார். தம் தாயாருக்கு இன்னும் தெரியாது என்றும் ஓரத்தில் குறித்திருந்தார். அவ்வளவு எழுதியதன் பயன் இதுவா என்று சிறிது நேரம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவருக்கு மூன்றே வரிகள் எழுதினோம். தாயாரிடம் சொல்லவேண்டும் என்பது முதல் வரி. முதற்குடையை மடிக்கத் தாமே கற்கவேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதில், அவருடைய எடை என்ன, வாங்கப்போகும் குடை எத்தனை சதுர அடி என்று கேட்டோம்.

முதலிரண்டுக்கும் 'இன்ஷா அல்லாஹ்' என்று பதில் வந்துவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை.