சபருக்கு முன் ஒரு கேள்வி

படிப்பு முடிந்த கையோடு நம் வீட்டுப் பிள்ளைக்கு விசா வந்து சேருகிறது. வீடே மகிழ்கிறது. உம்மா மட்டும் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார். போவதா, இருப்பதா? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் மார்க்கத்தின் முன் வைத்துப் பார்த்திருக்கிறோம்?

ஹலாலான சம்பாத்தியம் தேடுவது கடமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடிக்கொள்ள அல்லாஹ் தஆலா நமக்கு வழிவிட்டிருக்கிறான். கீழக்கரையும் காயல்பட்டினமும் கடல் கடந்த வாணிபத்தால் வளர்ந்த ஊர்கள். ஆகவே சபரை நாம் குறை கூற வரவில்லை.

ஆயினும், அறப்போருக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிருடன் உள்ளனரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். உள்ளனர் என்றதும், அவர்களுக்காகவே பாடுபடும்படி பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உண்டு. பயணம் வேதனையில் ஒரு பங்கு என்றும், காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்களே அறிவித்துள்ளார்கள். அறப்போரையே பின்னுக்குத் தள்ளிய கடமை, கூடுதல் சம்பளத்துக்கு வழிவிடுமா?

நாமறிந்த ஓர் இளைஞர், வாப்பா பக்கவாதத்தில் படுத்திருந்ததால் வளைகுடா வேலையை மறுத்து, உள்ளூர்க் கடையில் கணக்கெழுத அமர்ந்தார். பிழைக்கத் தெரியாதவர் என்றது ஊர். கூடப் படித்தவர்கள் மாடி வீடு கட்டியபோது அவர் மனமும் கலங்கியது. அதை அவர் நம்மிடம் மறைக்கவில்லை. மூன்றாண்டுகளில் வாப்பா மௌத்தானார். அந்நேரம் அவர் தலையை மடியில் வைத்துக் கலிமா சொல்லிக் கொடுத்தது இந்த மகன்தான். "வேலை இனியும் வரும். வாப்பா வருவாரா?" என்றார்.

கடைச் சம்பளம் கஞ்சிக்கும் மருந்துக்கும் போதுமானதாக இருந்தது. போதாதிருந்தால் அவர் போகவே வேண்டியிருக்கும். குடும்பத்தைப் பட்டினி போடுவதும் பாவமே. எனவே புறப்படும் முன் மூன்றைக் கேட்போம்: போவது தேவைக்கா, ஆசைக்கா? வீட்டைக் கவனிக்க வேறு ஆள் உண்டா? பெற்றோர் மனமுவந்து அனுப்புகிறார்களா?

பெற்றோரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்: பிள்ளையை அனுப்பத் துடிப்பது அவன் நலனுக்கா, பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்தா? இன்று கைபேசியில் முகம் பார்க்கலாம். வாயில் ஒரு மிடறு தண்ணீர் ஊற்ற முடியாது.

ரிஜ்கை அளப்பவன் அல்லாஹ். பெற்றோருடன் நமக்குள்ள நாட்களை அளந்து வைத்திருப்பவனும் அவனே. இரண்டையும் முறையாகப் பேண அவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.