மகிழடியில் ஒரு சத்தியம்

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தால், காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மனையும், உச்சிப்பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடையம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மனையும் ஒரே பகலில் தரிசித்துவிட வேண்டும் என்பது, சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் குடியிருக்கும் குடும்பங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் நியமம். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று இம்மூவரையும் வரிசைப்படுத்திச் சொல்வார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் இந்தப் பௌர்ணமி வந்தால், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைபார்ப்பவரும், ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருப்பவரும், பூவிருந்தவல்லியில் புதிதாக வீடு கட்டிக்கொண்டவரும் மனைவியை அழைத்துக்கொண்டு, புளிசாதப் பொட்டலமும் தண்ணீர்க் குடமுமாகக் காரில் புறப்பட்டுவிடுகிறார்கள். திருமுல்லைவாயில் பிராகாரத்தில் பிற்பகல் வெயிலில் காய்ந்த கருங்கல்மீது கால் வைக்கமுடியாமல் கணவர் ஒருவர் துள்ளித் துள்ளி ஓட, "என்னங்க, நார்ப்பாய் மேலேயே நடந்து வாங்க, ஓடாதீங்க" என்று மனைவி பின்னாலிருந்து அதட்டுவதையும், அவர் அடங்கிப்போய் நனைந்த பாயின்மேல் திரும்பி வந்து அவளோடு சேர்ந்து நடப்பதையும் எந்தக் கோடையிலும் காணலாம்.

ஒற்றியூர்க் கடற்கரையிலிருந்து முல்லைவாயிலுக்கு இவர்கள் வரும் இந்த வழி பழைய வழி. எட்டாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இதே வழியில்தான் வந்தார். அவர் வந்தது தனியாக, அதுவும் கண்ணிழந்து. மனைவியைப் பிரிந்து புறப்பட்ட ஒருவன், புறப்பட்ட குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டு நடந்த பாதையில், தம்பதிகள் இன்று ஜோடியாக வருகிறார்கள் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

கதையைத் தமிழர் அறிவர்; எனினும் என் வாதத்துக்கு வேண்டிய அளவு சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குடியில் பிறந்த சங்கிலியார், இல்வாழ்க்கையில் மனம் செல்லாதவராய், ஒற்றியூரில் பெற்றோர் அமைத்துக்கொடுத்த கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூமாலை தொடுத்துக்கொண்டிருந்தார். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், க்ஷேத்திர யாத்திரையாக வந்த இடத்தில் அவரைக் கண்டு காதலுற்று, தமக்குத் தோழராகிய சிவபெருமானையே தூதாக அனுப்பினார். சங்கிலியாரோ, ஆரூரில் மகிழ்ந்து உறைபவர் அல்லவா அவர் என்று தயங்க, பிரியேன் என்று ஒரு சபதம் செய்து கொடுப்பான் என்றார் இறைவன். இந்த நிபந்தனை சுந்தரருக்குச் சங்கடமாயிற்று. ஊர் ஊராகச் சென்று பாடுவதையே பிறவிப் பயனாகக் கொண்டவர் ஓரிடத்தில் கட்டுண்டு இருப்பதெப்படி? ஆகவே ஓர் உபாயம் செய்தார்: நான் கர்ப்பக்கிருஹத்தின் முன் சத்தியம் செய்ய வரும்போது, நீர் அங்கே இராமல் வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று பெருமானிடம் கேட்டுக்கொண்டார். பெருமான் சம்மதித்தார், சம்மதித்த கையோடு சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழின் கீழேயே வாங்கிக்கொள் என்றும் சொல்லிவைத்தார். மறுநாள் சந்நிதியில் சத்தியம் செய்யச் சுந்தரர் முன்வந்தபோது, இறைவன் திருமுன் இதற்கெல்லாம் ஆணையிடலாமா, மகிழின் கீழ் செய்தால் போதும் என்று சங்கிலியாரின் தோழியர் சொல்லிவிட்டார்கள். அவர் வேறு வழியின்றி அங்கேயே சபதம் செய்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று ஒற்றியூரில் இன்றும் இதைக் கொண்டாடுகிறார்கள்.

வசந்தம் வந்தது. தென்றல் வீசிற்று. திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வர, அந்நினைவோடு பரவையாரின் நினைவும் கலந்து வர, சுந்தரர் பொறுக்கமாட்டாமல் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன.

இங்கேதான் கேள்வி எழுகிறது. அவர் புறப்பட்டது எதற்கு? ஆரூரில் உறையும் தியாகேசரைக் காண. தண்டித்தவர் யார்? அந்தத் தியாகேசரே. தம்மைத் தேடி வருகிற அன்பனை, வருகிறான் என்பதற்காகவே ஒரு தெய்வம் குருடாக்குமானால், பக்தியைவிடப் பெரியதாக அத்தெய்வம் ஏதோ ஒன்றை வைத்திருக்கிறது என்றாகிறது. அது ஒரு பெண்ணுக்கு மரத்தடியில் கொடுத்த சொல்.

மேலைத் தேசத்தாரும் இதே கேள்வியை எதிர்கொண்டதுண்டு. ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையோரமாகப் போர்ச்சுகலிலிருந்து வடக்கே, ஸ்பெயினின் கோடியில் உள்ள யாத்திரைத் தலமான சந்தியாகோ வரை, கோடை விடுமுறையில் கணவனும் மனைவியுமாகக் காரோட்டிச் செல்வது இன்று அங்கே சாதாரணம். இடைக்காலத்தில் அது அத்தனை எளிதாயிருக்கவில்லை. விவாகமானவன் நெடும் யாத்திரைக்கு விரதம் பூணுவதாயின் மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது அவர்களுடைய சமயச் சட்டத்தின் கொள்கை. ஆனால் ஜெருசலேமை மீட்க ஆள் தேவைப்பட்டபோது, போப் மூன்றாம் இன்னசென்ட் 1201-ல், சிலுவைப் போருக்குப் போகும் கணவன் மனைவியின் சம்மதமின்றியே போகலாம் என்று தீர்ப்புச் செய்தார். தெய்வ காரியம் மூத்தது, இல்லறம் இளையது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்முடைய வழக்கில் எதிர்த் தீர்ப்பு ஆகியிருந்தது. அதை அளித்தவர் எந்த மடாதிபதியும் அல்லர், பிரதிவாதிக்குத் தோழரான பரமசிவனே என்று நம் முன்னோர் நம்பியிருக்கிறார்கள்.

சுந்தரரின் உபாயத்தைச் சற்றே ஆராய்ந்தால் இன்னொன்றும் தெரியவருகிறது. கடவுள் சந்நிதியில் இருக்கும்போது சத்தியம் கட்டும், அவர் நகர்ந்துவிட்டால் கட்டாது என்று அவர் எண்ணியதற்கு அடிப்படை என்ன? கடவுள் ஓரிடத்தில் இருப்பார், ஓரிடத்தில் இரார் என்ற எண்ணம். யாத்திரை செய்கிற எல்லோரிடமும் இருக்கிற எண்ணந்தான் அது. அது இல்லாவிட்டால் யாத்திரையே இல்லை. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில், கல்லும் பொருளும் கிடைக்காமல் மனத்திலேயே கோயில் கட்டிய பூசலாருக்கு அது வேண்டியிருக்கவில்லை. பல்லவ மன்னன் காஞ்சியில் எழுப்பிய கற்றளியை ஒருநாள் காத்திருக்கச் சொல்லிவிட்டு இறைவன் அவருடைய கோயிலுக்குப் போனார். ஆனால் பூசலார்கள் அரிது. நாமெல்லாம் சுந்தரரைப் போன்றவர்கள். இங்கே இல்லாததை அங்கே தேடுகிறவர்கள். ஒற்றியூரில் இருப்பவரும் ஆரூரில் இருப்பவரும் ஒருவரேயானால் எதற்காக ஒருத்தியை விட்டுப் போகவேண்டும்?

கண்ணிழந்தவர் முதலில் வந்து முறையிட்டது திருமுல்லைவாயிலில். அங்கே பாடிய பதிகத்தில் சங்கிலியாரின் பெயரையே சொல்லி, அவளுக்காக என் கண்ணைக் கொண்டீரே என்று இறைவனிடம் பேசுகிறார். நாணமின்றிச் சொல்லப்பட்ட அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. குற்றம் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் முறையிட்ட மாசிலாமணியீசரும் காயம்பட்டவர். முல்லைக் கொடியில் தம் யானையின் கால் சிக்கியதென்று தொண்டைமான் வாளால் வெட்ட, வெட்டு லிங்கத்தில் பட்டது என்பது தலபுராணம். அத்தழும்பு தெரியாதபடி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிட்டு, சித்திரைச் சதயத்தையொட்டி மட்டும் அதைக் களைகிறார்கள். எதிரே உள்ள நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாயிலை நோக்கித் திரும்பியிருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலமாம்.

அடுத்து அவர் போனது திருவெண்பாக்கம். அங்கே சந்நிதியின் முன் நின்று, சுவாமி, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். உள்ளே இருந்து, இருக்கிறோம், நீர் போம் என்று அயலான்போலப் பதில் வருகிறது. கூடவே ஒரு ஊன்றுகோல் கிடைக்கிறது. கர்ப்பக்கிருஹத்தைக் காலிசெய்துவிட்டு வெளியே போம் என்று முன்பு கேட்டவர் எவரோ, அவரே இப்போது, உள்ளே இருக்கிறீரா என்று கெஞ்சி நிற்கிறார். இதைவிடக் கடுமையாக ஒரு தோழன் தோழனைக் குத்திக்காட்ட முடியாது. 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது அந்தப் பழைய கோயில் இருந்த இடமும் நீருக்குள் போயிற்று. ஊன்றீசுவரரைக் கரைக்குக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். இருக்கிறோம் என்று சொன்ன தெய்வத்துக்கும் இடம்பெயர நேர்ந்தது நம் ஊர்க் குடிநீருக்காக.

பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் திரும்பின. ஏன் இடக்கண் முதலில்? உரையாசிரியர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அர்த்தநாரீசுவர வடிவத்தில் இடப்பாகம் உமையுடையது, காஞ்சியோ காமாட்சி தவமிருந்து நாயகனை அடைந்த ஊர். பெண்ணின் பாகம் மன்னித்த பிறகே ஆணின் பாகம் மன்னித்தது என்று எனக்குப் படுகிறது. அப்பர் பெருமானின் சரித்திரமும் இதற்குத் துணை நிற்கிறது. கைலையைக் கண்டே தீர்வேன் என்று தனியராய் வடக்கே போய், கால் தேய்ந்து, மார்பு தேய்ந்து விழுந்தவரைத் தடாகத்தில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழுப்பிய இறைவன், அங்கே அவருக்குக் காட்டியது களிறும் பிடியும், சேவலும் பெடையும், மயிலும் துணைமயிலுமாக இணையிணையாய் வந்த ஜீவராசிகளை. இணையையே தம் வடிவமாகக் காட்டும் தெய்வம், இணையைப் பிரித்து வருகிறவனுக்கு எந்தக் கண்ணால் காட்சி தரும்?

இந்தக் கதையை நமக்கு விரித்துச் சொன்ன சேக்கிழார், பூவிருந்தவல்லிக்கு அண்டையிலுள்ள குன்றத்தூர்க்காரர். அநபாய சோழனின் அமைச்சர். ஒற்றியூரையும் முல்லைவாயிலையும் அவர் ஏட்டில் மட்டும் அறிந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர், ஆரூர் திரும்பிய சுந்தரருக்குக் கதவடைத்த பரவையாரின் கோபத்துக்கு எத்தனையோ பாட்டுகள் ஒதுக்கி, அதைத் தணிக்க இறைவன் நள்ளிரவில் இருமுறை தெருவில் நடந்ததையும் ரசித்துப் பாடியவர், ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாருக்கு ஒரு கோபத்தையும் தரவில்லை. முடிவில் இருவரும் கைலையில் உமாதேவியின் சேடியராய் மீண்டனர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். வழக்கில் வென்றவளின் வாக்குமூலம் பதிவாகவே இல்லை என்பது அந்த மகாகவியிடம் எனக்குள்ள ஒரு குறை.

அந்தச் சபதத்தை ஊரைவிட்டு நீங்கேன் என்று பொருள்கொள்வார் உண்டு. எல்லை தாண்டியதும் கண் போயிற்று என்பது அவர்களுக்குச் சான்று. ஆனால் சங்கிலியார் அஞ்சியது பிரிவை, பயணத்தை அன்று. உன்னைப் பிரியேன் என்ற சொல்லுக்கு, அவளையும் உடனழைத்துக்கொண்டு கடற்கரையோரமாகவே தெற்கே போய் ஆரூரை அடைந்திருந்தால் என்ன பங்கம் வந்திருக்கும்? வசந்த விழாவும் கிடைத்திருக்கும், கண்ணும் போயிராது. சுந்தரருக்கு அது தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியும் செய்யாததன் காரணம் பரவையார் வீட்டு வாசலில் இருக்கிறது. சங்கிலியை அருகில் நிறுத்திக்கொண்டு அந்தக் கதவைத் தட்டியிருந்தால், தூது நடக்கப் பரமசிவனுக்கே துணிவு வந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.